பழைய பார்ட்டைக் கையோடு எடுத்து வாருங்கள்

மதுரை பழங்காநத்தத்தில் 22 வருடமாக பைக் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டியை மாற்றிக் கட்டுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

உசிலம்பட்டி கல்லூரி மாணவர்: அண்ணே, ஸ்ப்ளெண்டருக்குப் பின்னால் 120 சைஸ் டயர் போடலாமா? கெத்தா இருக்குமே.

போடாதே தம்பி. நீ சொல்லும் 120 மில்லிமீட்டர் அகலம். கம்பெனி கொடுத்தது 2.75-18, அதாவது 2.75 இஞ்ச் அகலம், 18 இஞ்ச் ரிம். மிஞ்சினால் 3.00-18, அதுவும் செயினிலும் மட்கார்டிலும் உரசாமல் இருந்தால். உன் ரிம் ஒல்லி. அதில் 120 டயரை மாட்டினால் இரண்டு பக்கமும் நெருக்கி, நடுப்பகுதி முட்டை மாதிரி உருண்டுவிடும். ரோட்டைத் தொடுவது நடுவில் ஒரு பட்டைதான். அகல டயர்தான் வேண்டுமென்றால் ரிம், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் எல்லாம் மாற்ற வேண்டும். அந்தக் காசுக்கு செகண்ட் ஹேண்டில் வேறு வண்டியே பார்க்கலாம்.

அப்புறம், எந்த டயர் வாங்கினாலும் பக்கவாட்டில் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் பார். 2324 என்றால் 2024-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. மேலூர் பக்கம் வெள்ளரிப்பட்டியில் டயர் ஃபேக்டரியையே வைத்துக்கொண்டு, நம்ம பையன்கள் கடையில் அஞ்சு வருடம் காய்ந்த டயரை ஆஃபர் என்று வாங்கி வருகிறார்கள்!

சோழவந்தான் பால் வியாபாரி: மைலேஜ் வரும் என்று செயின் ஓடும் பல்சக்கரத்தில், முன் ஸ்பிராக்கெட்டில், ஒரு பல் கூட்டினேன். இப்போது கேனோடு பாலம் ஏறினால் திணறுகிறது.

திணறத்தான் செய்யும் அண்ணாச்சி. முன்னால் 14, பின்னால் 42 பல் என்றால் 42-ஐ 14-ஆல் வகுங்கள், 3 வரும். முன்னால் 15 ஆக்கினால் 2.8. சக்கரத்துக்குப் போகும் இழுவையில் கிட்டத்தட்ட 7 சதவீதம் போச்சு. ஆள் மட்டும் ஓட்டினால் பெரிதாகத் தெரியாது. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும்போது கியரைக் குறைத்துக் குறைத்து ஓட்டுவீர்கள், மைலேஜும் வராது. பழைய அளவுக்கே போங்கள். பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்கம் செயினை விரலால் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின், இரண்டு ஸ்பிராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மேலூர் வாசகர்: பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வாங்கியிருக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஆர்சி புத்தகத்திலிருந்து. இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் அதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். 1996-லேயே தயாரிப்பு நின்ற வண்டி, இன்ஜின் எத்தனை கை மாறியதோ. சரியாக இருந்தால் அடுத்து பிரேக் ஷூ, ஃபோர்க் ஆயில் சீல், வயரிங். இன்ஜினைப் பிரித்தால் கிராங்க் ஆயில் சீலை மாற்றாமல் மூடாதீர்கள். இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் அது வழியே காற்று இழுத்தால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

பெயின்ட் கடைசி. நான் கட்டிய முதல் வண்டியில் டேங்குக்கு மூன்று கோட் அடித்து மினுக்கினேன், பிரேக் ஷூ அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். அழகர்கோவில் ரோட்டில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஆடு தப்பித்தது, டேங்க் தப்பிக்கவில்லை.

திருமங்கலம் வாசகர்: சத்தமான சைலன்சர் மாட்டினால் ஃபைன் எவ்வளவு?

மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-ன்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை உள்ளே, அல்லது இரண்டும். என்னிடம் மாட்டச் சொல்லாதீர்கள், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

வாடிப்பட்டி டீச்சர்: அப்பாவின் பைக்கை ஓட்ட ஆசை. கால் எட்டவில்லை. பின்னால் இருக்கும் ஷாக் அப்சார்பரை வெட்டிக் குறைக்கலாம் என்கிறார்கள்.

வேண்டாம் அக்கா. பள்ளத்தில் மட்கார்டு டயரில் இடிக்கும், சைட் ஸ்டாண்டும் நிற்காது. சீட் தைக்கிறவரிடம் கொடுத்து, முன்பக்கம் தொடை படும் இரண்டு ஓரத்தையும் முதலில் சீவச் சொல்லுங்கள். சீட் அங்கே குறுகினாலே கால் நேராக இறங்கும். அதிலும் எட்டவில்லை என்றால் மேலே அரை இஞ்ச் நுரையை எடுக்கலாம். உறையைத் தைப்பதற்கு முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.