தலையை விடுங்க, றெக்கையைப் பாருங்க: பறவை கேள்வி பதில்

கேள்வி: புக்ல கருந்தலைக் கடற்காகம், பழுப்புத்தலைக் கடற்காகம்னு ரெண்டு போட்டிருக்கு, ஆனா குளிர்காலத்துல கரையில உக்காந்திருக்குற எதுக்குமே தலை கருப்பாவும் இல்ல, பழுப்பாவும் இல்லயே?

பதில்: அந்தக் கலர் தலையெல்லாம் இனப்பெருக்க சீசனுக்கு மட்டும்தாங்க. சீசன் முடிஞ்சதும் அந்த இறகு உதிர்ந்து தலை வெள்ளையாயிடும், கண்ணுக்குப் பின்னாடி ஒரு கரும்பொட்டு மட்டும் நிக்கும், அதுவும் ரெண்டுக்குமே இருக்குறதால தலையைப் பாத்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் தேறாது, பறக்குற வரைக்கும் பொறுமையா இருங்க. றெக்கை நுனி அகலமா கருப்பா இருந்து அதுக்குள்ள வெள்ளைத் திட்டு பளிச்னு தெரிஞ்சா பழுப்புத்தலை. றெக்கையோட முன் ஓரத்துல நுனி வரைக்கும் நீளமா வெள்ளைப் பட்டை ஓடி, கருப்பு பின் ஓரத்துல மட்டும் மெல்லிசா இருந்தா கருந்தலை. கண்ணும் உதவும், வளர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிர் கண்ணு, மத்ததுக்குக் கருங்கண்ணு. "வளர்ந்த"ன்னு சும்மா சொல்லல, பழுப்புத்தலையோட குஞ்சுக்கு முதல் குளிர்காலத்துல அந்த வெள்ளைத் திட்டும் இருக்காது, கண்ணும் கருப்பாதான் இருக்கும், வால் நுனியில கருப்புப் பட்டை இருந்தா இது சின்னப் பிள்ளைன்னு புரிஞ்சுக்கோங்க. பெரிய சைஸ் கடற்காகங்க இதைவிட மோசம், முழு இறகு வர சுமார் நாலு வருஷம் ஆகும், ஒவ்வொரு குளிர்காலமும் வேற வேஷம்! ஆரம்பத்துல அதுங்க பக்கமே போகாதீங்கன்னுதான் சொல்வேன்.

கேள்வி: கழிமுகத்துல பறவையெல்லாம் புள்ளி புள்ளியா தூரத்துல தெரியுது. ஸ்கோப் (தூரத்துல இருக்குறதைப் பெருசாக் காட்டுற தொலைநோக்கி) வாங்கிடலாமா?

பதில்: முதல்ல டைட் டேபிளை, அதாவது கடல் தண்ணி எப்ப ஏறும் எப்ப வத்தும்னு சொல்ற அட்டவணையைப் பாருங்க, அது ஃப்ரீ. தண்ணி வத்தினா பறவைங்க சேறு பூரா பரவி மேயும், ஏற ஏற சேறு சுருங்கி அதுங்களே கரைப்பக்கம் ஒதுங்கும், அதனால தண்ணி ஏற ஆரம்பிக்கிறப்பவே போய் வெயில் முதுகுல படுற மாதிரி உக்காந்துட்டா போதும். தண்ணி நிறைஞ்சு அதுங்க கூட்டமா ஓய்வெடுக்கும்போது மட்டும் போட்டோவுக்காகக் கிட்டப் போய் கிளப்பிவிடாதீங்க, சேத்து வச்ச சக்தி வீணாப் போகும்.

கேள்வி: ஆத்துல ஒரு வாத்து தலைகீழா நிக்குது, இன்னொண்ணு முங்கிக் காணாமப் போகுது. வேற வேற இனமா?

பதில்: ஆமா. ஊசிவால் வாத்து மாதிரி வகைங்க பின்பக்கத்தைத் தூக்கிட்டு தலையை மட்டும் விட்டு மேயும், கிளம்பும்போது சட்டுனு நேரா மேல எழும்பும். முங்குற வகைக்குக் கால் பின்னாடி தள்ளி இருக்குறதால தண்ணி மேல கொஞ்ச தூரம் ஓடித்தான் கிளம்பும். நாமக்கோழியும் அப்படித்தான் ஓடும், ஆனா அது வாத்தே இல்ல, வெள்ளை நெத்தியும் கூரான அலகும் காட்டிக் குடுத்துரும்.