சிகரெட் கட்டுப்படியாகவில்லை, பீடிக்கு மாறினேன்: சரிதானா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 47. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. இருபது வருடமாக நாளைக்கு எட்டு, பத்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். விலை ஏறிக்கொண்டே போவதால் நான்கு மாதத்துக்கு முன் பீடிக்கு மாறிவிட்டேன். இலையில் சுற்றியது, கெமிக்கல் கிடையாது, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? மூன்று வாரமாகக் காலையில் இருமலும் சளியும் இருக்கிறது. இன்னொரு சந்தேகம். வரி மேல் வரி போட்டு எங்களிடம் பிடுங்குவதற்குப் பதில், அரசாங்கம் இதை ஒரேயடியாகத் தடை செய்துவிட வேண்டியதுதானே?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்களே, அந்த மூன்று வார இருமல், அதில் இருந்து தொடங்குகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். புகை பிடிப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். கூடவே ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ளுங்கள். 'புகை பிடிக்கிறவனுக்கு இருமல் சகஜம்தானே' என்று தள்ளிப்போட்டு, ஆறு மாதம் கழித்து ரத்தம் துப்பிக்கொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வாரமே போய்விடுங்கள்.

சரி, பீடிக்கு வருவோம். பீடியில் இருக்கும் புகையிலை, சிகரெட்டில் இருப்பதில் பாதிகூடத் தேறாது. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் இலை, சிகரெட் தாளைப் போலக் காற்றை உள்ளே விடாது. இழுக்காமல் விட்டால் அணைந்துவிடும். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்கிறீர்கள், ஆழமாகவும் இழுக்கிறீர்கள். ஃபில்டரும் இல்லை. அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் கூடுதலாகவே உள்ளே போகின்றன. கெமிக்கல் இல்லை என்பது வெறும் பேச்சு. எந்த இலை எரிந்தாலும் வருகிற புகையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கும். வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோயும் மாரடைப்பும் பீடி பிடிப்பவர்களுக்கும் வருகின்றன. நீங்கள் இறங்கியது மாடிப்படியில் இல்லை, கிணற்றில்.

அப்புறம் ஏன் அது மலிவு? இங்கேதான் உங்கள் வரிக் கேள்வி வருகிறது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்கும் பீடிக்கும் ஒரே 28 சதவீதம்தான். ஆனால் அதற்கு மேல் வந்த இழப்பீட்டு செஸ் என்ற கூடுதல் வரி சிகரெட்டுக்கு மட்டும். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்றும், பீடிக்கு 18 சதவீதம் என்றும் முடிவு செய்தது. பீடி சுற்றும் தொழிலாளர்களின் பிழைப்பு என்று காரணம் சொல்வார்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நாளெல்லாம் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்தவன் நான். அந்தத் தூளை மூச்சில் இழுத்து அவர்களுக்கும் இருமல்தான். அவர்களுக்கு வேறு தொழில் அமைத்துக் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. அதற்கான மானியத்தை உங்கள் நுரையீரலில் இருந்து எடுக்க வேண்டியதில்லை. பீடிக்கு வரியைக் குறைத்தது தவறு என்பது என் கருத்து.

வரி வெறும் பிடுங்கல் என்றும் சொல்ல மாட்டேன். விலை 10 சதவீதம் ஏறினால் நம்மைப் போன்ற நாடுகளில் புகையிலைப் பயன்பாடு சுமார் 5 சதவீதம் குறையும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கையில் காசு குறைவாக இருக்கும் காலேஜ் பையன்களிடம்தான் இது அதிகம் வேலை செய்யும். ஆனால் பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்க முடிகிறவரை அந்த அடி பாதிதான் விழும். பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் படத்தோடு எச்சரிக்கை போட வேண்டும் என்று 2016-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். லூஸில் வாங்குகிறவன் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. மகாராஷ்டிரம் 2020-இல் லூஸ் விற்பனையைத் தடை செய்தது.

தடை பற்றிக் கேட்டீர்கள். குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் 2013-இல் உணவுப் பாதுகாப்பு விதிகளின்கீழ் தடை வந்தது. இன்றும் கேட்கிறவர் கேட்டால் கல்லாவுக்கு அடியில் இருந்து வருகிறது, விலை மட்டும் கூடுதல். சரம் சரமாகக் கடை வாசலில் தொங்கியது போனது, அது லாபம். சிகரெட்டை யாரும் தின்பதில்லை என்பதால் அந்த விதி இதற்குப் பொருந்தாது. இதற்கு இருப்பது 2003-இல் வந்த தனிச் சட்டம். விளம்பரம், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பது, பொது இடத்தில் புகைப்பது ஆகியவற்றை அது தடுக்கிறது. பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 200 ரூபாய் வரை. டீக்கடை வாசலில் அதை யார் வசூலிக்கிறார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

விலை உங்களைத் துரத்தியது. நீங்கள் பீடிக்கு ஓடினீர்கள், அடுத்த முறை வெளியே ஓடுங்கள். விட்ட முதல் மூன்று நாள்தான் கடுமை. எரிச்சல் வரும், தூக்கம் கெடும். மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும். நிகோடின் சூயிங்கம் உதவும், ஆனால் பபிள்கம் மாதிரி மெல்லக் கூடாது. நாலு கடி கடித்து, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீ குடித்த 15 நிமிடத்துக்குள் போட்டால் வேலை செய்யாது. எழுந்த அரை மணிக்குள் முதல் புகை என்றால் 4 மில்லிகிராம் தேவைப்படலாம், மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். 1800-11-2356 என்ற இலவச எண் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் புகையிலையை விட ஆலோசனை தருகிறார்கள்.

சளிப் பரிசோதனை முடிவு வந்ததும் மறுபடி எழுதுங்கள். சிகரெட் எத்தனை என்று சொன்னீர்கள், பீடி எத்தனை என்று சொல்லவே இல்லை. அதையும் எண்ணிப் பார்த்து எழுதுங்கள்.