ஒரே குத்தில் முடியும் வாள்சண்டை

வாசகர் கேள்வி: எனக்கு 37 வயது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் உரக்கடை நடத்துகிறேன். என்னுடன் படித்த மூவர் சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் ஊருக்கு வந்தால், இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு டிவியில் ‘நிட்ஹாக்’ என்ற வாள்சண்டை கேமை ஆடுவோம். முகம்கூடச் சரியாகத் தெரியாத, கட்டம் கட்டமான இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று குத்திக்கொள்ளும், அவ்வளவுதான். கல்லூரியில் படிக்கும் என் மைத்துனர், “எவ்வளவு பெரிய கேம் எல்லாம் வந்துவிட்டது, இதைப் போய் ஆடுகிறீர்களே அத்தான்” என்கிறார். எங்களுக்கோ வேறு எதிலும் இந்தச் சுகம் கிடைக்கவில்லை. அப்படி இதில் என்னதான் இருக்கிறது? இன்னொன்று: எப்போதும் தோற்றுக்கொண்டிருந்த நண்பன் இந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தும் ஆட வரவில்லை. கூப்பிடுவதா, விட்டுவிடுவதா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் அதற்கான விடை முதல் கேள்விக்குள்ளேயே கிடப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் ஆடும் கேமை உருவாக்கியவர் மார்க் எஸ்ஸன். 2010இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக் கண்காட்சி ஒன்றுக்காக அவர் அதைச் செய்தார். 2014 ஜனவரியில்தான் அது கணினிக்கு விற்பனைக்கு வந்தது. கண்காட்சிக்கு வருகிறவர் யாரென்று முன்கூட்டித் தெரியாது. அவர் வந்து நின்ற ஒரு நிமிடத்துக்குள் ஆடத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் பாய ஒரு பட்டன், குத்த ஒரு பட்டன், வாளைப் பிடிக்க மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்கள், இவற்றோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பட்டை கிடையாது. ஒரு குத்து, ஒரு சாவு. செத்தவர் சில நொடிகளில் மீண்டும் எதிரே வந்து நிற்பார். கொன்றவருக்கு அதற்குள், எட்டினால் வெற்றி தரும் தன் எல்லையை நோக்கி ஓடும் உரிமை கிடைத்திருக்கும்.

இப்போது இரண்டு வாள்முனைகளும் ஏறக்குறைய உரசிக்கொண்டு நிற்கும் அந்தக் கணத்தை நினைத்துப் பாருங்கள். எதிராளி வாளை நடுவிலிருந்து கீழே இறக்குவதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் அசைவதற்குக் கிட்டத்தட்டக் கால் நொடி ஆகிவிடும். அவ்வளவு நெருக்கத்தில் குத்து அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். ஆகவே பார்த்துவிட்டுத் தடுக்க முடியாது, முன்கூட்டியே ஊகிக்கத்தான் வேண்டும். எதை வைத்து ஊகிப்பது? திரையில் இருக்கும் பொம்மைக்கு முகமே இல்லை என்பதால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளை வைத்துத்தான். இவன் பொறுமை இழந்தால் மேலேதான் குத்துவான், இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாம் முறை வாளையே வீசி எறிவான், குத்தப்போகும் முன் ஒரு கணம் மூச்சை அடக்குவான் என்றெல்லாம் கூடப் படித்த காலத்திலிருந்து பழகிய உங்களுக்குத் தெரியும். உங்கள் மைத்துனர் திரையைப் பார்த்து மதிப்பிடுகிறார். நீங்கள் நால்வரும் ஆடுவது ஒருவர் மனத்தை மற்றவர் படிக்கும் ஆட்டம்.

படம் எளிமையாக இருப்பதை நான் குறையாகவே எண்ணவில்லை. 1989இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வுக்காக ஜோர்டான் மெக்னர், தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவில் எடுத்து, அந்த அசைவுகளைக் கட்டம் கட்டமாக வரைந்தார், வாள்வீச்சுக்கு 1938ஆம் ஆண்டின் ‘ராபின் ஹூட்’ படத்துச் சண்டைக் காட்சி ஒன்றைப் பார்த்து வரைந்தார். அன்றைய ஆப்பிள் கணினியின் சிறிய நினைவகத்தில் ஒரு படம்கூட வீணாக இருக்க இடமில்லை. கை உயர்ந்தால் அதற்கு ஒரு பொருள், கால் முன்னே வந்தால் அதற்கு ஒரு பொருள். இன்றைய பெரிய கேம்களில் அங்கி பறக்கிறது, தீப்பொறி சிதறுகிறது, கேமரா சுழல்கிறது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வாள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அந்த அழகுக்குள் மறைந்துபோகிறது. கோயில் கல்தளத்திலும் திண்ணையிலும் கீறிய ஆடுபுலிக் கட்டத்தில் 3 புலிக்கு 3 புளியங்கொட்டையும் 15 ஆட்டுக்கு 15 கூழாங்கல்லும் போதுமாக இருந்ததே. புளியங்கொட்டைக்குப் புலியின் முகம் இல்லை என்று யாரும் குறைப்பட்டதில்லை. தொட்டால் புள்ளி என்னும் சிலம்பப் போட்டியைப் பார்த்தவர்களுக்கும், டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சென்னையின் பவானி தேவி சேபர் வாளோடு ஆடியதைப் பார்த்தவர்களுக்கும், ஒரு தொடுதலுக்குள் எவ்வளவு யோசனை அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் நண்பர். இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் கும்பகோணத்தில், கேசட்டை வாயால் ஊதிச் செருகி டிவி கேம் ஆடிய கோடை விடுமுறை ஒன்றில், எங்கள் கூட்டத்தில் ஒருவன் மட்டும் தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தான். அவனுக்குக் கை வராது என்று நாங்களே தீர்ப்பும் எழுதிவிட்டோம். விடுமுறை முடியும்போதுதான், எப்போதும் அவன் கைக்குப் போன இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் பட்டன் தேய்ந்துபோய், இரண்டு முறை அழுத்தினால்தான் ஒரு முறை வேலை செய்தது என்பதைக் கண்டுபிடித்தோம். அவன் அதற்குள் வருவதை நிறுத்தியிருந்தான். நாங்களும் போய்ச் சொல்லவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் முதலில் கருவிகளைப் பாருங்கள். நண்பர் கையில் தரும் ஜாய்ஸ்டிக் புளூடூத்தில் இயங்குவதாக இருந்தால், வயர் போட்டு ஒரு முறை ஆடிப் பாருங்கள். டிவியில் ‘கேம் மோடு’ இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். படத்தை மெருகேற்றுவதற்காக டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் அதில் குறையும். கால் நொடிக் கணக்கில் வாழ்வும் சாவும் நடக்கும் ஆட்டத்தில் இவை சின்ன விஷயங்கள் அல்ல.

அடுத்தது இருக்கை வரிசை. நால்வர் கூடினால் பெரும்பாலும் வென்றவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்துகொள்வார். இந்த ஏற்பாட்டில் யாருக்குப் பழக்கம் மிகவும் தேவையோ அவருக்குத்தான் ஆட்டம் மிகவும் குறைவாகக் கிடைக்கிறது. கேம் உங்கள் வீட்டிலேயே இருப்பதால் ஆண்டு முழுவதும் நீங்கள் ஆடலாம்; அவரோ ஆண்டில் இரண்டு இரவுகள் ஆடி, அவற்றிலும் பாதி நேரம் சுவரில் சாய்ந்து நிற்கிறார். வரிசையை மாற்றிவிடுங்கள்: வென்றவர் எழட்டும், தோற்றவர் தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஆடட்டும்.

அவருக்காக வேண்டுமென்றே தோற்காதீர்கள். ஒரே குத்தில் முடியும் ஆட்டத்தில், நீங்கள் தடுக்காமல் விட்டதை அவர் உடனே கண்டுகொள்வார். அது தோல்வியைவிட அதிகமாக வலிக்கும். எதிராளியின் வாள் நெருங்கியிருக்கும்போது நம் வாளை மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ நகர்த்தி அதன்மீது தட்டினால் அவர் கைவாள் பறந்துவிடும் என்ற ஒரு வித்தையை மட்டும், மற்றவர்கள் இல்லாதபோது சொல்லிக்கொடுங்கள்.

கூப்பிடுவதா என்று கேட்டீர்கள். கூப்பிட வேண்டாம், நீங்களே போங்கள். தீபாவளிக்கு அவர் ஊருக்கு வந்ததும், போன் செய்யாமல், கணினியையும் இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, மற்ற இருவரும் வருவதற்கு முன்பாகவே அவர் வீட்டுக்குப் போய், இரண்டையும் நீட்டி முதலில் அவரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.