பூவுக்கு வெளிச்சம், துணிக்கு இருட்டு: கேமரா கேள்வி பதில்

ஜன்னலோரம் கறுப்புத் துணி மாட்டி ரோஜாவைப் படம் எடுத்தேன். துணி சாம்பலாக விழுகிறது, பூவும் வெளிறிப்போகிறது. கேமரா கோளாறா? – வாசகி, ஈரோடு

கேமரா தன் வேலையைத்தான் செய்கிறது. படத்தில் முக்கால்வாசி கறுப்பு என்றால், காட்சியே இருட்டு என்று கணக்குப் போட்டு எல்லாவற்றையும் வெளுப்பாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) −1 முதல் −2 வரை இறக்குங்கள். அல்லது ஒரு சிறு இடத்தை மட்டும் பார்த்து வெளிச்சத்தை அளக்கும் ஸ்பாட் மீட்டரிங் வைத்து இதழில் அளவெடுங்கள்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. உங்கள் துணி மேலும் வெளிச்சம் விழுகிறது. வெளிச்சம் பட்டால் கறுப்பும் சாம்பல்தான். பூவைத் துணியை விட்டு ஒரு மீட்டராவது, முடிந்தால் ஒன்றரை மீட்டர் முன்னால் கொண்டு வாருங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். ஜன்னலுக்கும் துணிக்கும் நடுவே ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தினால், வெளிச்சம் பூவோடு நின்றுவிடும். மற்ற ஜன்னல்களைச் சாத்துங்கள். டியூப்லைட்டையும் அணையுங்கள், எரிந்தால் நிழல் பக்கத்தில் வேறு நிறம் ஏறும்.

விளக்கு வைத்து எடுத்தால் கணக்கு இன்னும் எளிது. விளக்கிலிருந்து பூ 50 செ.மீ., துணி 150 செ.மீ. என்றால், துணிக்குப் போய்ச் சேருவது ஒன்பதில் ஒரு பங்கு. வெளிச்சம் பாதியானால் ஒரு ஸ்டாப் குறைவு; அந்தக் கணக்கில் இது மூன்று ஸ்டாப்புக்குச் சற்று அதிகமாகவே இருட்டு. அதே விளக்கைப் பூவிலிருந்து 2 மீட்டர் தள்ளி வைத்து, துணி 3 மீட்டரில் இருந்தால், வித்தியாசம் ஒரு ஸ்டாப்பைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. விளக்கைப் பூவுக்கு நெருக்கமாக வையுங்கள்.

துணியில் வெல்வெட்டுக்கு நிகர் இல்லை. சாட்டின் பளபளக்கும், சார்ட் பேப்பரும் சாய்வாக வெளிச்சம் பட்டால் மினுங்கும். வெல்வெட்டைக் கையால் மேலும் கீழும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினால் அதிகக் கறுப்பாகத் தெரிகிறதோ, அப்படியே மாட்டுங்கள். தூசியை செல்லோடேப்பால் ஒற்றி எடுப்பது, பிறகு கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக அழிப்பதைவிட மேல்.

தொடங்க ஓர் அளவு: ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் கால் நொடி முதல் ஒரு நொடி. டிரைபாடும் 2 நொடி டைமரும் கட்டாயம். மின்விசிறியை நிறுத்துங்கள். பூ தெளிவில்லாமல் விழுந்ததற்கு லென்ஸைத் திட்டுகிறவர்களில் பலர் தலைக்கு மேலே பார்ப்பதில்லை.

செம்பருத்தி எடுத்தால் இதழின் மடிப்பே தெரியவில்லை. சிவப்புச் சாயம் பூசிய மாதிரி இருக்கிறது. – வாசகர், நாகர்கோவில்

படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகளில் சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கிறது. வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராம் இதைக் காட்டிக்கொடுக்காது. சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்து, ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) எடுங்கள். கேமராவின் நிற அமைப்பில் ‘விவிட்’ வேண்டாம், ‘நியூட்ரல்’ போதும். காலையிலேயே எடுத்துவிடுங்கள், பெரும்பாலான செம்பருத்திகள் அன்று மாலையே சுருங்கிவிடும்.

செல்போனில் முடியுமா? – வாசகி, தஞ்சாவூர்

முடியும். பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, சூரியக் குறியைக் கீழே இழுங்கள். நைட் மோடை அணைத்துவிடுங்கள். நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய இருட்டை அது வெளிச்சமாக்கும். போர்ட்ரெயிட் மோடும் வேண்டாம், மகரந்தத் தாள்களின் ஓரத்தைக் கடித்துத் தின்றுவிடும்.

பழைய டச்சு ஓவியங்களைப் போல ஒரு பூச்சாடிப் படம் எடுக்க ஆசை. என் படங்கள் திருமண மேடை அலங்காரம் மாதிரி வருகின்றன. – வாசகர், கோயம்புத்தூர்

டச்சு ஓவியர் ரேச்சல் ருய்ஷ் (1664–1750) வரைந்த பூச்சாடிகளை உற்றுப் பாருங்கள். பின்னணி பெரும்பாலும் முழுக் கறுப்பு அல்ல. பழுப்பு கலந்த இருட்டு. ஆகவே இங்கே வெல்வெட்டைக் கழற்றிவிட்டு அடர்பழுப்புத் துணியை மாட்டுங்கள், துளி வெளிச்சம் படவும் விடுங்கள். முதன்மை வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வரட்டும். வெளிர் நிறப் பெரிய பூக்கள் நடுவில் வெளிச்சத்தில் இருக்கட்டும். அடர்நிறப் பூக்களும் இலைகளும் ஓரத்தில் இருட்டுக்குள் கரையட்டும். எல்லாப் பூவும் கேமராவைப் பார்க்கக் கூடாது. இரண்டு பக்கவாட்டில், ஒன்று முதுகு காட்டி, ஒரு தண்டு சாடியின் விளிம்பைத் தாண்டித் தொங்கி. மேடை அலங்காரம் போலத் தெரிவதற்குக் காரணமே எல்லாப் பூவுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைப்பதுதான். நிழல் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிடத் தெர்மாகோல் வைத்திருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

அந்த ஓவியங்களில் வெவ்வேறு பருவத்துப் பூக்கள் ஒரே சாடியில் இருக்கும். இன்னொரு டச்சு ஓவியர் யான் வான் ஹூய்சும் வரைந்து, லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் ஒரு பூச்சாடி ஓவியத்தில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் குறித்திருக்கின்றன. நீங்களும் டிரைபாடை அசைக்காமல், வெளிச்சத்தை மாற்றாமல், பூக்களைப் பகுதி பகுதியாக எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டலாம். அதற்கு ஜன்னலைவிட விளக்கே உதவும்.

இதழில் பனித்துளி நிற்க மாட்டேன் என்கிறது. – வாசகி, மதுரை

கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து, இங்க் ஃபில்லரால் துளித் துளியாக வையுங்கள். கடைசியில் செய்யுங்கள், பிசுக்கு ஒட்டிய பூவை மறுபடி அடுக்க முடியாது.