பரோல் விசாரணை அதிகாரியாக வேலை பார்ப்பது எப்படி இருக்கும்? கைதிகளை வெளியே விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா?

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பரோல் வாரியத்தில் 11 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். எந்த மாநிலம் என்பது வேண்டாமே.

முதலில் ஒரு குழப்பம். நம்மூரில் பரோல் என்றால் அம்மா சாவுக்கோ மகள் கல்யாணத்துக்கோ சில நாள் வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போவது. இங்கே அப்படியில்லை. தண்டனையில் மீதியிருக்கும் காலத்தை நிபந்தனைகளோடு வெளியே கழிப்பதுதான் பரோல். சொன்ன முகவரியில் தங்க வேண்டும், பரோல் ஆபீசரைக் குறித்த நாளில் பார்க்க வேண்டும், போதைப் பரிசோதனைக்குப் போக வேண்டும், கேட்காமல் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. மீறினால் வாரன்ட். அப்படிப் பிடிபட்டவரைத் திரும்பச் சிறைக்கு அனுப்பலாமா என்று விசாரிப்பவன் நான். (மத்திய அரசு வழக்குகளில் 1987 நவம்பர் முதல் நடந்த குற்றங்களுக்குப் பரோலே கிடையாது. நான் பேசுவது மாநிலக் கைதிகளைப் பற்றி.)

ஆக, வெளியே விடுவது வாரிய உறுப்பினர்கள். என் தூக்கம் கெடுவது வேறு காரணத்தால். கடைசியில் சொல்கிறேன்.

இந்த வேலை உருவான கதையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. ஐயோவா மாநிலத்தில் ஜான் மாரிஸி என்பவருக்குப் பொய்க் காசோலை வழக்கில் 1967ல் தண்டனை, அடுத்த வருஷம் பரோல். ஏழு மாதத்தில் மறுபடி சிறை. வேறு பெயரில் கார் வாங்கி அனுமதியில்லாமல் ஓட்டினார், சின்ன விபத்து ஒன்றுக்குப் பிறகு போலீசிடம் முகவரியைப் பொய்யாகச் சொன்னார் என்பவைதான் முக்கியமான புகார்கள். பரோல் ஆபீசரின் அறிக்கையை வைத்தே வாரியம் ரத்து செய்துவிட்டது. விசாரணை என்று ஒன்று நடக்கவேயில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972ல் தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பு வந்தது. புகாரை எழுத்தில் கொடு, ஆதாரத்தைக் காட்டு, அவர் நேரில் பேசட்டும், சாட்சிகளைக் கூப்பிடட்டும், எதிர்ச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யட்டும், முடிவுக்கான காரணத்தை எழுதிக் கொடு. விசாரிப்பவர் நடுநிலையாளராக இருந்தால் போதும், நீதிபதியாகவோ வக்கீலாகவோ இருக்க வேண்டியதில்லை என்றும் அதில் இருக்கிறது. சமூகப்பணி படித்த எனக்குச் சோறு போடுவது அந்த வாக்கியம்.

என் நீதிமன்றம் என்பது கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சிறைக்குள் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு ரெக்கார்டர். கறுப்பு அங்கி, சுத்தியல் எதுவும் கிடையாது. கேள்வி இரண்டுதான். மீறல் நடந்ததா? நடந்திருந்தால் என்ன செய்யலாம்? நான் கண்டதை எழுதிப் பரிந்துரைப்பேன், கடைசி ஓட்டு வாரியத்துடையது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற குற்றவியல் அளவுகோல் இங்கே இல்லை. தராசு ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தாலே போதும். போலீஸ் சட்டத்தை மீறிச் சோதனை போட்டு எடுத்த பொருளைக்கூட இங்கே ஆதாரமாக வைக்கத் தடையில்லை என்று 1998ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே எதிரே இருப்பவருக்குப் பாதுகாப்பு குறைவு. நான் கவனமாக இருந்தால்தான் உண்டு.

இஸ்ரேலில் பரோல் நீதிபதிகளைப் பற்றி 2011ல் வந்த ஆய்வைப் பலரும் அனுப்புவார்கள். சாப்பாட்டு இடைவேளை நெருங்க நெருங்கச் சாதகமான முடிவுகள் பூஜ்யத்தை ஒட்டிப் போய்விடுகின்றன என்றது அது. வழக்குகள் வந்த வரிசைதான் காரணம், பசி இல்லை என்று வேறு சிலர் மறுத்தார்கள். சண்டை எப்படியோ போகட்டும், நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

திகில் படம் மாதிரி ஆட்கள் தினமும் வருவார்கள் என்று நினைக்காதீர்கள். எனக்கு அதிகம் வருவது இந்த மாதிரி: காலில் ஜிபிஎஸ் பட்டை கட்டிய ஒருவர். மூன்று தடவை பேட்டரி தீர்ந்து சிக்னல் போய்விட்டது. "சார்ஜ் போட்டீங்களா?" என்றேன். "இல்ல சார், போடல" என்றார். மீறல் நிரூபணம், இரண்டே நிமிஷம். ஆனால் ஏன் என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. கிடங்கில் இரவு வேலை. தங்கியிருந்த விடுதியில் பிளக் இருப்பது பொதுக்கூடத்தில் மட்டும், அதைப் பகலில் பூட்டிவிடுவார்கள். பட்டையைக் கழற்ற முடியாது என்பதால் சார்ஜ் ஏறும் வரை சுவரோரம் ஆளே உட்கார்ந்திருக்க வேண்டும். பரோலைத் தொடரலாம் என்று எழுதினேன், வாரியமும் ஒப்புக்கொண்டது. அதற்குள் அவர் ஐந்து வாரம் உள்ளே இருந்துவிட்டார். இரண்டு மாதத்துக்குள் இறுதி விசாரணை நடந்தால் தாமதமில்லை என்கிறது அதே 1972 தீர்ப்பு. கிடங்கு முதலாளி அந்தத் தீர்ப்பைப் படிக்கவில்லை போலிருக்கிறது. வேலை போய்விட்டது.

இனி தூக்க விஷயம்.

முன்னாள் காதலியிடம் எந்தத் தொடர்பும் கூடாது என்ற நிபந்தனையோடு வெளியே வந்தவர் ஒருவர். தன் வீட்டு வாசலில் அவர் வந்து நின்றதாக அந்தப் பெண் பரோல் ஆபீசருக்குப் போன் செய்திருக்கிறார். விசாரணைக்கு அந்தப் பெண் வரவில்லை. போனில் சொன்னதை ஆபீசர் சொல்ல, "அந்தம்மாவைக் குறுக்கு விசாரணை செய்ய என் கட்சிக்காரருக்கு உரிமை உண்டு" என்று எழுந்தார் வக்கீல். தக்க காரணம் இருந்தால் அந்த உரிமையை நான் மறுக்கலாம். மிரட்டல் அப்படி ஒரு காரணம். "மிரட்டினாரா?" என்று ஆபீசரிடம் கேட்டேன். "பயமா இருக்கு, வர மாட்டேன்னாங்க. அவ்வளவுதான் தெரியும்" என்றார். அந்த ஆள் மிரட்டியதாக எதுவும் கோப்பில் இல்லை. கேமரா இல்லை, பார்த்த அக்கம்பக்கத்தார் இல்லை. விசாரணையைத் தள்ளிவைத்து மறுபடி அழைப்பு அனுப்பினேன். அப்போதும் வரவில்லை.

பயப்படுகிறவர் வராமல் இருப்பதே பயத்துக்கு ஆதாரம்தானே என்று ஒரு மனம். வராதவர் வார்த்தையை மட்டும் வைத்து ஒருவரை உள்ளே தள்ளினால் மாரிஸி காலத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று இன்னொரு மனம். மீறல் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினேன். அவர் என் கையைக் குலுக்க வந்தார். நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பல மாதம், காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் அவர் பெயரைத்தான் தேடுவேன். புதிய புகார் எதுவும் வரவில்லை. அவர் அந்த வாசலுக்குப் போகவில்லை என்பதாலா, அந்தப் பெண் மறுபடி போனை எடுக்கவில்லை என்பதாலா என்று அந்தத் திரையில் இருக்காது.