இரண்டு மடிக்கணினிகளைக் கம்பியின்றி இணைத்தல்: கேள்வி பதில்

கேள்வி: வீட்டிலுள்ள இரண்டு மடிக்கணினிகளும் ஒரே ரூட்டரின் வைஃபையில்தான் இயங்குகின்றன. கோப்புகளைப் பகிர, இவற்றைத் தனியாக வேறு இணைக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அவை ஏற்கெனவே ஒரே வலையமைப்பில்தான் இருக்கின்றன; பகிர்வுக்கு அனுமதி கொடுப்பதுதான் பாக்கி. விண்டோஸ் அமைப்புகளில் அந்த வைஃபை 'பிரைவேட்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று இரண்டு கணினிகளிலும் பாருங்கள். 'பப்ளிக்' என்றிருந்தால், அறிமுகமற்ற இடத்தில் இருப்பதாகக் கருதி ஃபயர்வால் என்ற பாதுகாப்பு மென்பொருள் மற்ற கணினியை உள்ளே விடாது. அடுத்து 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' வசதியை இயக்கி, வேண்டிய கோப்புறையை மட்டும் பகிருங்கள். முழு வட்டையும் பகிர வேண்டாம். இரண்டில் ஒன்று ரூட்டரின் விருந்தினர் வைஃபையில் இருந்தால், இவ்வளவு செய்தும் பயன் இருக்காது. அதில் இணைந்தவற்றை மற்ற கணினிகளிடமிருந்து ரூட்டர் பெரும்பாலும் பிரித்தே வைத்திருக்கும்.

கேள்வி: என்னிடம் ரூட்டரே இல்லை. நேரடியாக இணைக்க முடியுமா, ஐயா?

பதில்: முடியும். விண்டோஸ் எக்ஸ்பி முதல் விண்டோஸ் 7 வரை இதற்கென 'அட் ஹாக்' என்ற முறை இருந்தது. விண்டோஸ் 8-இல் அந்தத் தெரிவு அமைப்புகளிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது அந்த இடத்தில் இருப்பது 'மொபைல் ஹாட்ஸ்பாட்'. ஒரு மடிக்கணினியில் அதை இயக்கினால், அதுவே ரூட்டரைப் போல மற்றதற்கு ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியை அடையாளம் காட்டும் எண்) வழங்கும். மற்றதில் வழக்கமான வைஃபை போலவே பெயரைத் தேர்ந்து கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும். ஆனால் விண்டோஸ் 10-இல், பகிர்வதற்கு ஏதேனும் ஓர் இணைய இணைப்பு இருந்தால்தான் ஹாட்ஸ்பாட் இயங்கும் என்பதால், கைபேசியை யூஎஸ்பி வழியாக இணைத்து அதன் இணையத்தைக் கொடுப்பது எளிய வழி. யாரும் இணையாதிருந்தால் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடும். அங்கேயே உள்ள மின்சேமிப்புத் தெரிவை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: ஹாட்ஸ்பாட்டில் இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது, ஆனால் ஒன்று மற்றதன் கண்ணில் படவில்லையே?

பதில்: பலர் இந்தக் கட்டத்தில் வைஃபை டிரைவரை (வைஃபை கருவியை இயக்கும் மென்பொருளை) நீக்கி மீண்டும் நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள், அவசரம் வேண்டாம். முதலில், ஹாட்ஸ்பாட்டில் இணைந்த கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் தரும் கணினிக்கு வழக்கமாக 192.168.137.1 என்ற முகவரி இருக்கும், மற்றதற்கும் 192.168.137 என்றுதான் தொடங்க வேண்டும். அதற்குப் பதிலாக 169.254 என்று தொடங்கினால், முகவரி கிடைக்காததால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ஹாட்ஸ்பாட்டை அணைத்து மீண்டும் இயக்குங்கள். முகவரி சரியாக இருந்தால், 'நெட்வொர்க்' பட்டியலில் பெயர் தோன்றட்டும் என்று காத்திராமல், கோப்பு உலாவியின் முகவரிப் பட்டையில் \\192.168.137.1 என்று தட்டி என்டர் அழுத்துங்கள். பட்டியலில் தெரியாத கணினி இப்படித் திறந்துகொள்வது மிகச் சாதாரணம். மற்ற கணினி பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளைக்குப் பதில் வராததை மட்டும் வைத்து இணைப்பே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஃபயர்வால் அதைத் தடுத்திருக்கலாம்.

கேள்வி: திறக்கும்போது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. யாருடையதைக் கொடுப்பது?

பதில்: கோப்புறை எந்தக் கணினியில் உள்ளதோ, அதன் பயனர் கணக்கைக் கொடுக்க வேண்டும். விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் பின் (PIN) எண் இங்கே செல்லாது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கை வலையமைப்பு வழியாக விண்டோஸ் இயல்பாகவே ஏற்காது என்பதால், அந்தக் கணக்குக்கு ஒரு கடவுச்சொல் வையுங்கள். கடவுச்சொல் பாதுகாப்பையே நீக்கிவிடும் குறுக்கு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ரூட்டர் வழியாகப் பெரிய காணொளிகளை நகலெடுக்க மிகவும் தாமதமாகிறது. ஏன்?

பதில்: இரண்டும் வைஃபையில் இருக்கும்போது, ஒவ்வொரு தரவும் ஒரு முறை ரூட்டருக்கும், மறுமுறை அங்கிருந்து மற்ற கணினிக்கும் காற்றில் பயணிக்கிறது. இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5-க்கு மாறினால் முன்னேற்றம் தெரியும். நூற்றுக்கணக்கான ஜிபி என்றால், இரண்டிலும் லேன் துளை இருக்கும் பட்சத்தில், அந்த ஒரு வேலைக்கு மட்டும் கேபிளால் நேரடியாக இணையுங்கள். அப்போது இரண்டுக்குமே 169.254 முகவரி வரும். இரண்டும் ஒரே முகவரி வரிசையில் இருப்பதால் அங்கே அது குறையே அல்ல.

கேள்வி: பழைய எக்ஸ்பி மடிக்கணினியை இணைக்க, புதியதில் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை இயக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாகிரை என்ற தீம்பொருள், எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. எக்ஸ்பி கணினியில் உள்ளவற்றை ஒரு பென்டிரைவில் எடுத்து, வைரஸ் சோதனை செய்தபின் புதியதில் சேருங்கள்.