மாத்திரைக்குப் பிறகே தவணை
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 44. பாலக்கோடு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். ஆறு ஆண்டுகளாக முடக்குவாதம். கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. பிடித்தம் போகக் கைக்கு 17,500 ரூபாய் வருகிறது. முன்பு தையலில் மாதம் 7,000 வரை சம்பாதித்த எனக்கு, காலை பத்து மணிவரை கத்தரிக்கோலைப் பிடிக்க விரல் மடங்குவதில்லை என்பதால், இப்போது 4,000தான் கிடைக்கிறது. வீட்டுச் செலவும் மகன் படிப்பும் 11,500 ஆகின்றன. சேலத்தில் வைத்தியம் பார்க்கிறேன். மாத்திரை 1,900, இரத்தப் பரிசோதனை சராசரியாக 700, பஸ் செலவு 600. வங்கியில் மூன்று பவுன் அடகில் ஒரு லட்சம், வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம். இரண்டு நுண்கடன் நிறுவனங்களுக்கு மாதம் 2,400, 1,950. தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு 40,000. நாற்பது நாளுக்கு முன் முட்டி வீங்கிப் படுத்துவிட்டபோது தண்டல் 10,000 வாங்கினேன். கையில் கொடுத்தது 8,500, தினம் நூறு ரூபாய், இன்னும் அறுபது நாள் இருக்கிறது. 50,000 ரூபாய் ஏலச்சீட்டு ஒன்றில் 25இல் 11 தவணை கட்டியிருக்கிறேன், இன்னும் எடுக்கவில்லை. தள்ளு போக மாதம் 1,700 கட்டுகிறேன். எந்தக் கடனையும் இதுவரை தவறவிட்டதில்லை. பற்றாத மாதத்தில், வாரம் ஒருமுறை போட வேண்டிய மாத்திரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுச் சமாளிக்கிறேன். நகையை மீட்டு விற்றுவிடச் சொல்கிறார் நாத்தனார். சேமிப்பு என்று ஒரு ரூபாயும் இல்லை. என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். வரவு 21,500, செலவு 24,950. மாதந்தோறும் துண்டு விழும் 3,450 ரூபாயை இத்தனை நாளாக எப்படி ஈடுகட்டினீர்கள் என்பதற்கு விடை, உங்கள் கடிதத்தின் கடைசியில், ஏதோ சாதாரணச் செய்தியைப் போல எழுதியிருக்கும் அந்த மாத்திரை வரியில் இருக்கிறது. கடன்காரர் ஒருவரையும் தவறவிடாத நீங்கள் உங்கள் மூட்டுகளைத் தவறவிட்டிருக்கிறீர்கள். விட்டுவிட்டுப் போட்ட மாத்திரைக்கும், நாற்பது நாளுக்கு முன் வீங்கிய முட்டிக்கும் தொடர்பு உண்டா என்பதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் கேளுங்கள். உண்டு என்று அவர் சொன்னால், மாதம் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 10,000 ரூபாய்த் தண்டலில் மாட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஆகவே முதலில் வரிசையை மாற்றுங்கள். ஆறு ஆண்டுகளாக இருக்கும் நோய்க்கு ஆகும் செலவு எதிர்பாராத செலவு அல்ல. அரிசி, மின்கட்டணம் போல மாதந்தோறும் வருவதுதான். சம்பளம் வந்த அன்றே மாத்திரையை வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். தவணைகள் அதற்குப் பிறகுதான்.

அடுத்து, உங்கள் கணவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, அந்த நிறுவனம் இ.எஸ்.ஐ. சட்டத்தின் கீழ் வருமானால், ஒப்பந்தத் தொழிலாளியானாலும் நூற்றுக்கு முக்கால் ரூபாய் அவரிடமும், நூற்றுக்கு மூன்றே கால் ரூபாய் முதலாளி தரப்பிடமும் பிடித்துக் கட்டப்பட வேண்டும். கைக்கு 17,500 வருகிறது என்றால் மொத்தச் சம்பளம் அந்த வரம்புக்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம். இ.எஸ்.ஐ. என்றால் ஆலைக்குள் கைகால் அடிபட்டால் உதவுவது என்றே நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வெளிநோயாளியாக மருத்துவம், மருந்து, பரிசோதனை, தேவையானால் சிறப்பு மருத்துவரிடம் பரிந்துரை ஆகிய எல்லாம் அதில் அடங்கும். ஆண்டுக்கணக்கில் பிடித்தம் மட்டும் கொடுத்துவிட்டு, மனைவியின் பெயரைக் குடும்ப விவரத்தில் சேர்க்காமலே இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்து, சேலத்து மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குச் செல்லுங்கள். மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் இப்போது போகும் 2,600 ரூபாயில் பெரும்பகுதி அங்கே மிஞ்சக்கூடும். பிடித்தமே இல்லை என்று தெரிந்தால், முதலில் ஒப்பந்ததாரரிடமும் பிறகு இ.எஸ்.ஐ. அலுவலகத்திலும் கேட்க வேண்டும். அதுவரை தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள முடியுமா என்றும், முதல்வர் மருந்தகத்தில் அதே மருந்து பொதுப்பெயரில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். மருத்துவரைக் கேட்காமல் மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டாம்.

இனிக் கடன்கள். மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். 40,000க்கு மாதம் 1,200 ரூபாய் வட்டியாகவே போகிறது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கையில் எடுக்காத சீட்டு ஒன்று இருக்கும்போது இந்தக் கடனை வைத்திருக்கக் கூடாது. அடுத்த ஏலத்தில் 8,000 ரூபாய் தள்ளி எடுத்தால் 42,000 கிடைக்கும். எட்டாயிரம் போகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் மிச்சமுள்ள 14 மாதமும் காத்திருந்தால் அந்த மூன்று வட்டிக்கு 16,800 ரூபாய் கட்டியிருப்பீர்கள். 12,000, 13,000 என்று தள்ளு ஏறினால் லாபம் அவ்வளவாக இல்லை. அந்த மாதத்தை விட்டு அடுத்த ஏலத்தைப் பாருங்கள். சீட்டு எடுக்க ஜாமீன் கேட்பார்கள், அதற்கு ஆளை இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பணம் கைக்கு வந்த அன்றே அசலைக் கொடுத்து, புரோநோட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போடுங்கள். ஒரு வாரம் வீட்டில் இருந்தால் அது 42,000 ஆக இருக்காது.

தண்டலை முந்தி அடைப்பதால் பயன் இல்லை. வட்டி 1,500 ரூபாயை முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள். இன்று அடைத்தாலும் அவர்களாக எதையும் தள்ளித் தர மாட்டார்கள். அறுபது நாளும் கட்டி முடியுங்கள். அட்டையில் பத்துப் பதினைந்து கட்டங்கள் மிச்சமிருக்கும்போது, "நல்லாக் கட்டுறீங்கக்கா, புதுசாப் போட்டுத் தரட்டுமா?" என்ற கேள்வி வரும். அதற்கு வேண்டாம் என்று சொல்வதுதான் இந்தப் பதில் முழுவதிலும் உங்களுக்குக் கடினமான வேலை. அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால், இந்தத் தண்டலின் வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதீத வட்டியைத் தடைசெய்யும் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் தண்டலும் அடங்கும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நுண்கடன் இரண்டும் அப்படியே ஓடட்டும். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் விதிக்கக் கூடாது. நோய் முற்றி ஒரு தவணை தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே மருத்துவச் சீட்டின் நகலோடு கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். குழுப் பெண்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்த பிறகு பேசுவது எவருக்கும் நன்றாக இருக்காது. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

நாத்தனார் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் உங்கள் கடன்களில் மிகக் குறைந்த வட்டி நகைக்கடனுக்குத்தான். அதை அடைப்பதற்காக நகையை விற்றால், அடுத்த முறை படுக்கையில் விழும்போது வங்கிக்குக் கொண்டுபோக ஒன்றும் இருக்காது. மறுபடி மூன்று வட்டிக்காரர் வாசல்தான். ஆண்டு வட்டி 9,000 ரூபாயைக் கட்டாமல் விட்டு ஏலத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு மாதம் 750 ரூபாய் ஒதுக்குங்கள்.

சீட்டு எடுத்து மூன்று வட்டி அடைந்து, மருந்தும் பரிசோதனையும் இ.எஸ்.ஐ.யில் கிடைத்துவிட்டால், உங்கள் செலவு 21,150க்கு இறங்கும். தண்டலும் முடிந்தபின் 18,150 ஆகும். அப்போது மிஞ்சும் 3,350இல் நகை வட்டிக்கு 750 போக, 1,500 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்துவையுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உங்களுக்குப் பொருந்தாத பேச்சு. ஒருமுறை நோய் முற்றினால் என்ன செலவாகிறதோ, அதுதான் உங்கள் இலக்கு. போன முறை அது 10,000 ரூபாய். ஏழு மாதத்தில் அது சேர்ந்துவிடும். ஐந்தாண்டுத் தொடர்வைப்பு வேண்டாம், அவசரத்துக்கு அது வளைந்து கொடுக்காது. கணக்கைக் கணவரோடு சேர்த்து, இருவரில் எவர் வேண்டுமானாலும் எடுக்கும்படி தொடங்குங்கள். பணம் தேவைப்படும் நாளில் நீங்கள் அஞ்சலகம் வரை நடக்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள். மீதி 1,100 ரூபாயை வீட்டிலேயே விட்டுவையுங்கள். ஒப்பந்த வேலையில் ஓவர்டைம் இல்லாத மாதமும் வரும்.

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலையில் சீசன் வேலை செய்கிறேன். வயது 54. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு ஆண்டுக்கு முன் காலில் புண் வந்து தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிச் செலவழித்தேன். சீசன் முடியும்போது கையில் 45,000 இருக்கும், ஆடி பிறப்பதற்குள் கரைந்துவிடும். பிறகு கூலி வேலை கிடைத்தால்தான் மாத்திரை.

– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: ஐயா, மூன்று மாத வருமானத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டுவது உழவர்கள் தவசத்தைக் குதிரில் போட்டு மாதாமாதம் அளந்து எடுத்ததைப் போன்ற வேலை. முதலில், மாத்திரைக்குப் பணமே ஆகாதபடி செய்துகொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை அந்தத் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டிலேயே தருகிறார்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை இப்போதே வாங்கிவையுங்கள். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை, மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைகளுக்கு அது உதவும். புண் வந்த பிறகு சான்றுக்கு அலையக் கூடாது.

சீசன் பணத்தில் முதல் செலவு, சர்க்கரை நோயாளிகளுக்கான எம்.சி.ஆர். செருப்பாக இருக்கட்டும். ஆலையின் ஈரத்தரையில் நாள் முழுதும் நிற்கும் கால் உங்களுடையது. இரவில் விரலிடுக்கைத் துடைத்து, கண்ணாடி வைத்து அடிப்பாதத்தைப் பாருங்கள். பிறகு 18,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு, ஆடி முதல் மாதம் 2,000 வீதம் ஒன்பது மாதம் எடுங்கள். மீதியில் வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள். எல்லாக் கடன்காரருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால் எல்லாருக்கும் திருப்தியாக இருக்கும், ஒரு கடனும் முடியாது.

கேள்வி: எனக்குச் சர்க்கரை உண்டு. தனியார் மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது அதைச் சொல்ல வேண்டாம் என்கிறார் முகவர். சரியா?

– வாசகர், அரூர்

பதில்: தவறு. ஏற்கெனவே உள்ள நோயைச் சொல்லி எடுத்தால், 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அதற்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். அதன்பின் அந்த நோய்க்கும் காப்பீடு உண்டு. மறைத்து எடுத்தால், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பிரீமியம் கட்டி முடியும் முன் வரும் எந்தக் கோரிக்கையையும் அந்தக் காரணத்தைக் காட்டி மறுக்கலாம். மோசடி என்று நிறுவப்பட்டால் அதற்குப் பிறகும் மறுக்கலாம். காத்திருக்கும் மூன்று ஆண்டுகளில் சர்க்கரை சார்ந்த செலவு உங்கள் கையிலிருந்துதான் போகும் என்பதால், பிரீமியம் கட்டுவதோடு ஒரு சிறு தொகையைத் தனியே சேர்த்தும் வாருங்கள். விண்ணப்பத்தை முகவரே நிரப்பினாலும், நோய் பற்றிய பகுதியை நீங்களே படித்துப் பார்த்த பின் கையெழுத்திடுங்கள். ஒரு நகலையும் வாங்கிவையுங்கள்.